ஆறிய மார்பின் படத்தையும் அச்சிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கருவி யாருக்குத் தேவைப்படுகிறது, அதன் கம்பிகள் எந்த வழியாக இதயத்துக்குள் செல்கின்றன, மின்கலம் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பவையெல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. கூடவே ஒரு படமும் இருந்தது. வழவழப்பான மனித உருவம் ஒன்றின் மார்பில், காறை எலும்புக்குக் கீழே, ஒரு சிறு பெட்டியைத் தட்டையாக வரைந்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளாக அந்தப் பெட்டியை உடலில் வைத்துக்கொண்டு வாழ்பவள் நான். அந்தப் படத்தில் விடுபட்டுப்போன ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். காயம் ஆறிய பிறகு கருவி தோலுக்கு அடியில் எப்படித் தெரியும் என்பதை, அதைப் பொருத்திக்கொள்ளப் போகிறவருக்கு முன்கூட்டிக் காட்டுவார் யாரும் இல்லை.

நான் பள்ளியில் கணிதம் கற்பிப்பவள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதே ஒரு நாள் மயங்கி விழுந்தேன். இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்குப் போக வேண்டிய மின்தூண்டல் முழுவதுமாகத் தடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டே நாளில் பேஸ்மேக்கர் பொருத்திவிட்டார்கள். வழக்கமாக இதை இடப்பக்கம் வைப்பார்கள். நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள் என்பதால் எனக்கு வலப்பக்கம் வைத்தார்கள். என் உயிரைக் காத்த மருத்துவர்கள் மீது எனக்கு நன்றியைத் தவிர வேறில்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலை, "வெளியே எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டதற்கு, "ஒன்றும் தெரியாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பத்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்துக் கண்ணாடி முன் நின்றபோது அந்த வரியை நம்பித்தான் நின்றேன். கண்ணில் பட்டதோ, காறை எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே புடைத்து நின்ற ஒரு மேடும், அதன்மேல் கருஞ்சிவப்பாக ஓடிய ஒரு கோடும், அங்கிருந்து அக்குள் வரைக்கும் மார்பின் மேல்பாதி வரைக்கும் பரவியிருந்த கருநீலமும்தான். ஏதோ தவறாகிவிட்டது என்றே அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். எதுவும் தவறாகவில்லை என்பது இப்போது தெரியும். அந்தக் கருநீலம், அறுத்த இடத்தில் கசிந்த இரத்தம் புவியீர்ப்பால் கீழ்நோக்கி இறங்கியதால் வந்தது. அது பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரங்களில் தானே மறைந்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களுக்கு இன்னும் சற்று அதிகமாகவே இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை வாரவாரமாகக் கவனித்து ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். முதல் மாதத்தில் கருவியின் வடிவமே தெரியவில்லை. வீக்கத்தின் வடிவம்தான் தெரிந்தது. ஆறு வாரம் போல வீக்கம் வடிந்த பின்னர்தான் உள்ளே இருப்பதன் உண்மையான உருவம் மேலே வந்தது. இதை யாராவது சொல்லியிருந்தால் நான் கலங்கியிருக்க மாட்டேன். மற்ற எந்தப் புண்ணும் ஆற ஆறக் கண்ணுக்கு மறையும். இங்கே ஆற ஆறத்தான் விளிம்புகள் தெளிவாகின்றன. "நாளாக நாளாக வெளியே வருகிறதே" என்று பயப்படுகிறவர்கள் பலர் உண்மையில் பார்ப்பது, வீக்கம் வடிந்து இயல்புநிலை திரும்புவதைத்தான்.

ஓராண்டு கழித்துத் தெரிந்த தோற்றம்தான் ஏறக்குறைய இன்றும் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய வெளிறிய கோடாகத் தழும்பு. அதற்குக் கீழே, ஒரு பக்கம் வளைந்தும் மறுபக்கம் சற்று நேராகவும் உள்ள ஒரு மேடு. நேர் எதிரே விளக்கு இருந்தால் மேடு தெரிவதே இல்லை. காலையில் சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் அதன் கீழ் விளிம்பில் பிறை போன்ற ஒரு நிழல் விழும். குளிக்கும்போது தண்ணீர் காறை எலும்பிலிருந்து இறங்கி வந்து அந்த மேல்விளிம்பில் ஒரு கணம் தேங்கி, பிறகு இரண்டாகப் பிரிந்து வழியும். கையைத் தூக்கினால் மேடு அமுங்கும். தோளை முன்னால் கொண்டுவந்தால் எழும்பும். இத்தனை நுணுக்கமாகச் சொல்வது அழகுக் கவலையால் அல்ல. தன் உடலில் எது வழக்கமான தோற்றம் என்று தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது மாறும்போது கண்ணில் படும்.

இந்த வடிவத்துக்குக் காரணம் சிக்கலானதன்று. மார்புத் தசையை மூடியுள்ள உறைக்கு மேலே, தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, மருத்துவர் ஒரு சிறு பையை உண்டாக்கி, டைட்டானிய உறைக்குள் மூடப்பட்ட கருவியை அதில் வைக்கிறார். இன்றைய பேஸ்மேக்கர் பெரும்பாலும் 20 முதல் 30 கிராம் எடையும் 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. சில வாரங்களில் உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறையைத் தானே பின்னிக்கொள்கிறது. அந்த உறை இறுகிய பிறகு கருவி இடம் விட்டு நகர்வது அரிது. தோல் மட்டும் அதன்மேல் வழுக்கிச் செல்லும். தேவைக்கு மிஞ்சிய கம்பியைச் சுருட்டிக் கருவிக்கு அடியில் வைப்பார்கள். மெலிந்தவர்களுக்கு அந்தச் சுருளின் ஒரு வளைவு ஓரத்தில் கயிறு போல விரலுக்குத் தட்டுப்படலாம். கம்பி நழுவாமலிருக்க அதைத் தசையோடு சேர்த்துத் தைத்த இடத்தில் சிறு முடிச்சு ஒன்று இருக்கும். அந்த முடிச்சைக் கட்டி என்று எண்ணி நான் பட்ட பாடு கொஞ்சமன்று.

எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிவதும் இல்லை. மார்பில் சதைப்பற்று உள்ளவர்களுக்குத் தழும்பைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போகலாம். ஒல்லியானவர்களுக்கும், வயது ஏறித் தோலடிக் கொழுப்பு கரைந்தவர்களுக்கும், நோயால் எடை இழந்தவர்களுக்கும் மூலைகள்கூடத் தெரியும். ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் ஐ.சி.டி. கருவி பேஸ்மேக்கரைவிடப் பெரியது. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கும் என்பதால் அதன் மேடும் கூடுதலாகவே தெரியும். கம்பியை இதயத்துக்குள் செலுத்தாமல் தோலுக்கு அடியிலேயே ஓடவிடும் ஐ.சி.டி. வகையொன்றும் உண்டு; அதில் கருவி இட அக்குளுக்குக் கீழே விலாப்பக்கமாக வைக்கப்படுகிறது. அதற்குத் தழும்புகளும் ஒன்றுக்கு மேல். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வயிற்றுப் பகுதியில் வைப்பார்கள். ஆகவே "பேஸ்மேக்கர் வைத்தவர் மார்பு" என்று பொதுவாக ஒரே படத்தைப் போடுவது போதாது.

வந்த வழியைப் பார்த்தால் இந்தக் கருவிகள் எவ்வளவோ சுருங்கிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் ஸ்டாக்ஹோமில், ரூனே எல்ம்குவிஸ்ட் உருவாக்கிய கருவியை ஆக்கே சென்னிங் என்ற அறுவை மருத்துவர் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முதன்முதலாகப் பொருத்தினார். அது வயிற்றுச் சுவரில் வைக்கப்பட்டது. காலணி மெருகு டப்பியை அச்சாகக் கொண்டு பிசினில் வார்க்கப்பட்டது என்பதிலிருந்தே அதன் பருமனை ஊகித்துக்கொள்ளலாம். சில மணி நேரம்தான் அது இயங்கியது. ஆனால் லார்சன் அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பொருத்திக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். இதயத்தால் அன்றி வேறு நோயால்தான் இறந்தார். ஐ.சி.டி.யும் 1980-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டபோது வயிற்றில்தான் வைக்கப்பட்டது. இவற்றை அறிந்த நாள் முதல் என் மார்பில் இருப்பதை நான் பெரிய மேடு என்று சொல்வதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆறிய தோற்றம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் இரண்டு விதமான தீங்கு விளைகிறது. அதில் ஒன்று எனக்கே நேர்ந்தது. முதல் நான்கு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கத்து முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டாம், கனமான எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கம்பியின் முனை இதயச் சுவரில் ஊன்றிக்கொள்ளும் வரைக்கும் அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. ஆனால் மேடு நாளுக்கு நாள் தெளிவாகத் தெரியத் தொடங்கியதைக் கண்டு, கருவி நழுவி வெளியே வருகிறது என்று நானாகவே முடிவு செய்து, கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் அசைக்காமல் இருந்தேன். தோள்மூட்டு இறுகிப்போனது. தலையை வாரக்கூடக் கை எழவில்லை. அதைச் சரிசெய்ய ஏழு மாதம் உடற்பயிற்சி தேவைப்பட்டது. தோளுக்குக் கீழே கையை முதல் நாளிலிருந்தே இயல்பாக அசைக்கலாம், அசைக்கவும் வேண்டும் என்பதை அப்போது யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

இன்னொன்று இதைவிடக் கொடியது. கருவியைச் சோதிக்கும் பிரிவில் வரிசையில் காத்திருந்தபோது ஒரு முதியவரைச் சந்தித்தேன். சட்டைப் பொத்தானைக் கழற்றித் தன் மார்பைக் காட்டினார். மேட்டின் ஒரு மூலையில் தோல் காகிதம் போல மெலிந்து, பளபளத்து, நீலம் பாய்ந்திருந்தது. "வயதானால் இப்படித்தான் தெரியும் என்றார்கள், களிம்பு போட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தாராம். மூப்பினால் மேடு கூடுதலாகத் தெரிவது வேறு. அழுத்தத்தால் தோல் அரிக்கப்பட்டுக் கருவியோடு ஒட்டிக்கொள்வது வேறு. முன்னதில் தோலைக் கிள்ளித் தூக்க முடியும், அது கருவியின்மேல் நகரும். பின்னதில் நகராது. தோல் திறந்து கருவியின் ஒரு நுனி வெளியே தெரிந்துவிட்டால் அது தொற்றுக்கு ஆளானதாகவே கொள்ளப்படும். கிருமிகள் உலோகத்தின்மேல் படலமாகப் படிந்துவிடுவதால் மாத்திரையால் மட்டும் தீராது. கருவியோடு கம்பிகளையும் சேர்த்து எடுத்துவிட்டு, தேவையானால் மறுபக்கம் புதிதாகப் பொருத்த வேண்டியிருக்கும். அந்த முதியவருக்கு முடிவில் அதுதான் நடந்தது என்று அடுத்த முறை போனபோது அவர் மகள் சொன்னார். தோல் திறக்கும் முன்பே வந்திருந்தால் இடத்தை மட்டும் சீரமைத்திருக்க வாய்ப்பு இருந்திருக்கும்.

எச்சரிக்கைக் குறிகளைச் சொல்லும் கையேடுகளிலும் ஒரு குறை உண்டு. "தோல் சிவந்தால் மருத்துவரைப் பாருங்கள்" என்றே எங்கும் அச்சிட்டிருக்கிறது. மாநிறமும் கறுப்பும் கொண்ட தோலில் அழற்சி பெரும்பாலும் சிவப்பாகத் தெரிவதில்லை. சுற்றியுள்ள நிறத்தைவிட ஒரு படி கருத்தோ ஊதாவாகவோ தெரியும். பல வேளைகளில் நிறத்தில் எதுவுமே தெரியாமல், தொட்டால் சூடும் தோலில் இறுக்கமும் பளபளப்புமாக மட்டும் வெளிப்படும். சிவப்பைத் தேடிக்கொண்டிருப்பவர் இதைத் தவறவிடுவார். புறங்கையை முதலில் கருவி இல்லாத பக்க மார்பிலும் பிறகு கருவி உள்ள பக்கத்திலும் வைத்துச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு செவிலியர். கையேட்டில் இருந்திருக்க வேண்டிய வரி அது. அடங்கிய வீக்கம் மறுபடி தோன்றுவது, நீர் அல்லது சீழ் கசிவது, காய்ச்சல், ஆறிய இடத்தில் புதிதாக வலி, மேடு கண்ணுக்குத் தெரிய இடம் மாறுவது ஆகியவையும் உடனே காட்ட வேண்டியவை. பொருத்திச் சில ஆண்டுகள் கழித்துக்கூடத் தொற்று வரலாம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கருவிப் பையில் இரத்தம் கட்டி வீங்கினால், அருகிலுள்ள யாரிடமாவது போய் ஊசியால் உறிஞ்சி எடுக்கச் சொல்லாதீர்கள். அந்த ஊசியே கிருமியை உள்ளே கொண்டுபோகும். சிறிய இரத்தக்கட்டு தானே கரையும். பெரிதாகித் தோல் விண்ணென்று இறுகினால் கருவி வைத்த மருத்துவர்தான் அறுவை அரங்கில் வைத்து முடிவு செய்ய வேண்டும். சூடான ஒத்தடமும் வேண்டாம். மேட்டைத் தடவித் தடவி விரலால் திருப்பிக்கொண்டே இருக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. கருவி உள்ளுக்குள் சுழன்று கம்பிகள் முறுக்கிக்கொண்டு இதயத்திலிருந்து விடுபட்டுப்போவது 1968-லேயே மருத்துவ ஏட்டில் பதிவான ஒன்று. பார்ப்பதற்கும் மெல்லத் தொடுவதற்கும் தடையில்லை, திருப்பக் கூடாது.

தழும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது முதல் இரண்டு மூன்று மாதம் தடித்துக் கருத்திருக்கும், அரிக்கும்; முழுமையாக முதிர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு பிடிக்கும். அதைச் சுற்றி மரத்துப்போன ஒரு சிறு பகுதியும் இருக்கலாம். மேல்மார்பு கெலாய்டு என்னும் தடித்த தழும்பு எளிதில் வளரும் இடம். கருந்தோல் உடையவர்களுக்கும், குடும்பத்தில் அது உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். காது குத்திய இடம் முன்பு தடித்து வளர்ந்திருந்தால் அதை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். காயம் முழுவதுமாக மூடிய பிறகு சிலிகோன் ஜெல் பட்டை சிலருக்கு உதவுகிறது. எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் சொல்வார். மின்கலம் தீர்ந்து கருவியை மாற்றும்போது பெரும்பாலும் பழைய தழும்பின் வழியாகவே திறப்பார்கள் என்பதால், கோடு சற்று அகலும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளலாம். முதல் முறையைவிட மாற்றும்போதுதான் தொற்றின் அபாயம் கூடுதல் என்பதால், அந்த வாரங்களில் இருமடங்கு கவனம் தேவை.

அவசரம் இல்லாத நிலையில் கருவி வைப்பவர்கள் முன்கூட்டியே கேட்கக்கூடியவையும் சில உண்டு. மிகவும் மெலிந்தவருக்குத் தசைக்கு அடியில் வைக்க முடியுமா, தழும்பு மார்பின் கீழ் மடிப்பில் வரும்படி வைக்க முடியுமா, உள்ளாடைப் பட்டையும் தோள்பையின் வாரும் வாகனத்தின் இருக்கைப் பட்டையும் உரசாத இடமாகப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். தசைக்கு அடியில் வைத்தால் வலியும் இரத்தக் கசிவும் கூடுதலாக இருக்கலாம், மாற்றும்போது வேலையும் கூடும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கம்பியில்லாப் பேஸ்மேக்கர், ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் நீளமும் இரண்டு கிராமுக்கும் குறைந்த எடையும் கொண்ட சிறு உருளை. தொடை நாளத்தின் வழியாகச் சென்று இதயத்துக்குள்ளேயே தங்கிவிடுவதால் மார்பில் மேடும் இல்லை, தழும்பும் இல்லை. எல்லா வகைத் துடிப்புக் கோளாறுக்கும் அது பொருந்துவதில்லை. எனக்குப் பொருந்தாது என்று காரணத்தோடு சொன்னார்கள், ஏற்றுக்கொண்டேன். தோற்றத்தைப் பற்றிக் கேட்பது நன்றிகெட்டதனம் என்பது போன்ற ஒரு பார்வையை மட்டும்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உயிர் பிழைத்ததே பெரிது என்பது உண்மை. பிழைத்த உயிர் நாள்தோறும் உடுத்துவதும் குளிப்பதும் கண்ணாடி பார்ப்பதும் இந்த உடலோடுதானே?

ஆசிரியர் அவர்களே, இதயக் கருவிகளைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது கோட்டுப் படத்தோடு நிறுத்திவிடாமல், ஆறிய மார்புகளின் ஒளிப்படங்களையும் உரியவர்களின் இசைவோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் நாள், ஆறாவது வாரம், ஓராண்டு என்று ஒருவரையே மூன்று முறை எடுத்த படங்கள் வேண்டும். மெலிந்தவர், பருத்தவர், ஆண், பெண், கறுத்தவர், வெளுத்தவர் எல்லோருடையதும் வேண்டும். பேஸ்மேக்கருக்குப் பக்கத்தில் ஐ.சி.டி.யும் வேண்டும். தோல் மெலிந்து நீலம் பாய்ந்த அந்த மூலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு படம் கட்டாயம் வேண்டும். மருத்துவமனைகளும் இத்தகைய படங்களை ஒப்புதல் படிவத்தோடு சேர்த்துக் காட்டலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

முதல் படமாக என்னுடையதையே தர அணியமாக இருக்கிறேன். முகம் தெரியாமல், தோளிலிருந்து மார்பின் மேல்பகுதி வரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒளிப்படக் கலைஞரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுக்க வேண்டும். நேர் எதிரே வைத்து எடுத்தால், எனக்கு அன்று சொன்னது போல, ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி